ஒன்றும் கிடைக்காதிருக்க ஒரு கேக்

எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் புனித ஃபனூரியோஸுக்கு ஒரு கேக் செய்து கோயிலில் வைப்போம். சாவியோ ஆட்டுக்குட்டியோ மாப்பிள்ளையோ, எதுவானாலும் தேடிக் கொடுத்துவிடுவார். போன மே மாதம் நானும் ஒரு கேக் செய்து வைத்து, ஒன்றும் கிடைக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டு வந்தேன். கண்டுபிடித்துக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவரிடம் போய் இப்படிக் கேட்டேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல.

எல்லாம் என் வீட்டுக்காரர் பாண்டெலிஸுக்காகத்தான். குளிர்காலத் தொடக்கத்தில் அவருக்கு இடது கால் விழுந்துவிட்டது. நாங்கள் இருப்பது எங்கள் விடுதியின் மேல்மாடியில். ஜனவரிக் குளிரில்கூடக் கடலில் குளிக்காமல் காப்பி குடிக்காத மனிதர், படி இறங்க முடியாமல் பால்கனியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பலகாரம் மாதிரி இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு கடலைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. எலுமிச்சைத் தோட்டத்தில், கடலைப் பார்த்த மாதிரி, படியே இல்லாமல் ஓர் அறை கட்டிவிடுவதென்று முடிவு செய்தேன்.

ஆனால் மேலே குன்றில் பழைய கல் அரங்கம் இருக்கிறதே. பழங்காலச் சின்னங்களுக்குப் பக்கத்தில் கடலோர விடுதி என்று ஃபோனில் தேடுகிறவர்களால்தான் எங்கள் ஒன்பது அறையும் நிரம்புகிறது. எங்களுக்குச் சோறு போடுவது அந்த அரங்கம். அதே அரங்கத்தால், தொல்லியல் துறைக்காரர்கள் வந்து தோண்டிப் பார்க்காமல் நாங்கள் ஒரு கடப்பாரை போட முடியாது. ஒன்றும் இல்லையென்றால் கட்டலாம். இருந்தால் தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். உலகமே பழசைத் தேடி எங்கள் ஊருக்கு வருகிறது. நாங்களோ, பாட்டன் பூட்டன் கொல்லையில் எதையாவது விட்டுப் போயிருப்பானோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜூனில் துறையிலிருந்து டனாயி என்ற பெண் வந்தாள். தோண்டும் வேலைக்கு என் தம்பி ஸ்டாதிஸையே அமர்த்திக்கொண்டாள். இரண்டு நாள் வெறும் செம்மண். மூன்றாம் நாள் அவள் சாப்பிடப் போயிருந்தபோது தம்பியின் மண்வெட்டி எதிலோ இடித்தது. கையகலப் பளிங்குக் கல், மேலே இலை இலையாகச் செதுக்கல். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கல்லைச் சட்டையில் சுற்றிக்கொண்டு படகுத்துறைக் கோடிக்குப் போய்க் கடலில் போட்டுவிட்டு வந்தான். யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

அன்று சாயங்காலம் இங்கெர் நீந்தப் போனாள். டென்மார்க்கில் வாத்தியாராக இருந்தவள்; வருஷா வருஷம் வந்து, கதவைத் திறந்தால் மணலில் கால் படுகிற ஒன்றாம் எண் அறையில் தங்குவாள். நீந்தப் போனவள் அந்தக் கல்லைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு. நேராக, முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த டனாயியின் கையில், படகுத்துறைக் கோடியில் கிடைத்தது என்று கொடுத்தாள்.

டனாயி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாசி இல்லை, சிப்பி இல்லை. இலை மடிப்பிலிருந்து நகத்தால் கொஞ்சம் செம்மண்ணைச் சுரண்டி எடுத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். ஸ்டாதிஸ் தன் கால் விரல்களை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

மேலே பால்கனியிலிருந்து பாண்டெலிஸின் குரல் வந்தது. "அத நான்தாம்மா எறிஞ்சேன். பூந்தொட்டிக்கு முட்டுக் குடுத்திருந்த கல்லு."

டனாயி அண்ணாந்து பால்கனியைப் பார்த்தாள். பிறகு தூரத்தில் இருந்த படகுத்துறையைப் பார்த்தாள்.

"அங்கேருந்தா? நல்ல கை உங்களுக்கு," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கல்லை எடுத்த இடத்திலேயே வைக்கும்படி ஸ்டாதிஸிடம் சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அதற்கு அடியில் ஒரு சுவர் தெரிந்தது. எலுமிச்சை மரங்களைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அறை போயிற்று.

சமையலறை வாசலில் உட்கார்ந்து, யார் கேட்டால் என்ன என்று அழுதேன். இங்கெர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் பாஷையை அவள் வார்த்தை தேடித் தேடித்தான் பேசுவாள். நடந்ததையெல்லாம் சொன்னேன், கல்லைக் கடலில் போட்டதையும் சேர்த்து. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடல் பக்கம், படி இல்லாம ஒரு ரூம். அவ்வளவுதானே? ஒண்ணாம் நம்பர் இருக்கே," என்றாள்.

அது தங்க வருகிறவர்களுக்கு என்றேன்.

"ஏன், அது உங்க வீடு இல்லையா?"

விடுதி நடத்துகிற குடும்பங்கள் இங்கே எங்கு வேண்டுமானாலும் படுத்துக்கொள்வோம், மொட்டை மாடியில், சாமான் அறையில், சமையலறைப் பலகையில். என் மகனுக்குத் தொட்டில் கட்டியதே துணி துவைக்கிற அறையில்தான். வாடகைக்கு விடுகிற அறை எங்களுக்கு ஊரான் வீடு. குளிர்காலம் பூராவும் அந்த ஒன்றாம் எண் பூட்டித்தான் கிடந்தது. அதற்கு நேர் மேலே அவர் கடலைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார். எனக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை, அவருக்கே தோன்றவில்லை. மாரில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே இங்கெர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேல்மாடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அரங்கம் இன்னும் நன்றாகத் தெரிகிறதாம். தம்பி பாண்டெலிஸை முதுகில் சுமந்து கீழே ஒன்றாம் எண்ணுக்குக் கொண்டுவந்தான்.

மறுநாள் காலை பாண்டெலிஸ் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி மணலில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஆர்கிரோ, முப்பது வருஷமா இந்தக் கடல ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் வாடகைக்கு விட்டியே. நீ என்னைக்காவது கால நனைச்சிருக்கியா?"

அடுப்பில் ரொட்டி இருக்கிறது என்றேன்.

"கருகட்டும், வா."

ஏப்ரனைக் கழற்றி மணலில் போட்டேன். அன்று தங்கியிருந்தவர்கள் எல்லாரும் கருகின ரொட்டிதான் சாப்பிட்டார்கள்.