தலைமாட்டில் நின்றவள்

நான்காம் கட்டில் சிறுமியின் அம்மா செவ்வாய்க்கிழமை இறந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாக, குழந்தைகள் தீக்காய வார்டுக்கு வந்துவிட்டாள். அடுப்பு வெடித்ததில் அவளுக்கு உடம்பு முழுக்கக் காயம், ஐந்து வயது மகளுக்குக் கழுத்தும் நெஞ்சும். வந்தவள்மேல் ஒரு காயமும் இல்லை. செருப்பை வாசலில் விட்டாள், கை கழுவினாள், கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றாள். நர்ஸ் அவளுக்கும் ஒரு முகக்கவசம் எடுத்துக் கொடுத்தாள். வார்டில் எல்லோருக்கும் அவள் தெரிந்தாள். புருஷனுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் தையல்காரன். கண் கூர்மையானவன்தான்.

கழுத்துக் காயம் ஆறும்போது தோல் சுருங்கும். விட்டால் மோவாயை இழுத்து நெஞ்சோடு ஒட்டிவிடும். அதனால் அந்தக் கட்டில்களுக்குத் தலையணை கிடையாது. தோளுக்கடியில் துணிச் சுருட்டு வைத்துத் தலையைப் பின்னால் சாய விடுவார்கள். வலி உயிர் போகும். ஆனால் அம்மா தலைமாட்டில் நின்றதால், அவளைப் பார்க்கச் சிறுமி தானாகவே மோவாயைத் தூக்கினாள். உடற்பயிற்சி கொடுப்பவள் மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே விரல் வைத்து அளந்தாள்: முதல் வாரம் இரண்டு, மூன்றாம் வாரம் நான்கு. "இன்னும் கொஞ்சம் மேல போங்கக்கா" என்றாள். இறந்தவள் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தாள். பிறகு வாரம் ஒரு சாண். ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வார்டே வேர்த்து வழிந்தது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மகள் முனகுவது மட்டுமே தையல்காரனுக்குக் கேட்டது. மனைவியின் பழைய துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தலையணை தைத்தான். சாப்பாட்டுப் பையில் மறைத்துக் கொண்டுவந்து, ஞாயிறு மதியம் நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் மகளின் தலைக்கடியில் செருகினான். மோவாய் நெஞ்சில் அமர, அவள் முனகாமல் தூங்கினாள். ஆள் வந்தால் எடுப்பதும் போனால் வைப்பதுமாக மூன்று நாள் ஓடியது. புதன்கிழமை அளந்தபோது இரண்டு விரல்தான் நுழைந்தது. இன்னொரு வாரம் இப்படிப் போனால் கழுத்துத் தோலைக் கீறிப் பிரிக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் பையைக் கவிழ்த்தாள்.

"பாசத்த வேணாங்கல சார். தலகாணியத்தான் வேணாங்கறேன்."

சிறுமி விட்டத்தைப் பார்க்க முயன்று தோற்றாள். "மூணு நாளா அம்மாவக் காணோம்பா."

"எனக்கும்தாம்மா" என்றான். மனைவி இறந்தபின் அவளைப் பற்றி அவன் பேசிய முதல் பேச்சு அது.

நர்ஸிடம் கத்தரி வாங்கித் தையலைப் பிரித்தான். பஞ்சை உதறி எறிந்துவிட்டு, துணியை இறுகச் சுருட்டி மகளின் தோளுக்கடியில் வைத்தான். தலை பின்னால் சாய்ந்தது. அவள் அலறினாள். மகளின் தோளைப் பிடித்தவன் பிடித்தபடியே நின்றான்.

"எங்க நிக்கிறா?"

"மேலதாம்பா, உன் தலைக்கு மேல. உன் சட்டையில பட்டன் இல்லன்னு சிரிக்கிறா."

குனிந்து பார்த்தான். இரண்டாவது பட்டன் இல்லை.

அதன்பிறகு தினம் இரண்டு வேளை அவனே கழுத்துப் பயிற்சி கொடுத்தான். எங்கே நிற்கிறாள் என்று கேட்பான், மகள் சொல்வாள், அந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பான். மூன்றாம் மாதம் ஆறு விரல் தாராளமாக நுழைந்தது. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்றார். மகள் அண்ணாந்து, "இறங்கி வாம்மா" என்றாள். வாசலில் இருந்த அம்மாவின் செருப்பு காணாமல்போனதைத் தையல்காரன் கவனித்தான்.

ஆட்டோவில் மகளை ஏற்றிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான்.

"சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அக்கா ஏறட்டும்."

தள்ளி உட்கார்ந்தான்.