பதினோரு அர்த்தமும் வரிசையாக

எட்சன் சாரின் கோச்சிங் சென்டரில் ஆங்கிலம் படிப்பது என்றால் ஒப்புவிப்பது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வேத வசனம் சொல்லிக்கொடுத்துப் பழகியவர், மார்த்தாண்டத்து நர்சுகளுக்கும் அதே முறையைக் கொண்டுவந்துவிட்டார். 'டேக் ஆஃப்' என்றால் பதினோரு அர்த்தம். விமானம் கிளம்புவது ஒன்று, சட்டையைக் கழற்றுவது இரண்டு, லீவு எடுப்பது மூன்று என்று நம்பரோடு வரவேண்டும். நம்பர் மாறினால் பெயில்.

சுனிதா நான்கையும் ஐந்தையும் மாற்றிச் சொன்னாள். சனிக்கிழமை அயர்லாந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்ப்யூட்டரில் நடத்தும் இண்டர்வியூவுக்கு சார் அனுப்பிய பட்டியலில் இருந்த ஐந்து பேரில் அவள் இல்லை. அவர்கள் நாற்பது ஆகாதவர்களைத்தான் எடுப்பார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது.

குவைத் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் காயத்துக்குக் கட்டுப் பிரித்த நர்சு அவள். தினம் பத்துத் தடவை 'டேக் ஆஃப்' என்று சொல்லித்தான் பிரித்தாள். இந்த மனுஷனோ கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டியதில்லை. இவர் அவளைப் பெயிலாக்குவதா?

சனிக்கிழமை அழைக்காமலே போய் சென்டர் வாசலில் நின்றாள். உள்ளே முதல் ஆளாக நந்தனா. தீக்காய வார்டில் இரண்டு வருடம் வேலை பார்த்த கெட்டிக்காரி. காயக் கட்டை 'டேக் ஆஃப்' செய்யப் பயப்படும் முதியவரிடம் என்ன சொல்வாய் என்று திரையில் இருந்த வெள்ளைக்காரம்மா கேட்டாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், நந்தனா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள். விமானம் கிளம்பியது. சட்டை கழன்றது. அந்த அம்மா கையை உயர்த்தியும் நிற்கவில்லை. எட்சன் சார் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

சுனிதாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே உள்ளே போனாள்.

"நல்லா வேல தெரிஞ்ச பிள்ளைய இப்பிடி ஆக்கி வச்சிருக்கியளே சார். ஒங்களுக்கு மனசாட்சி உண்டுமா?"

யார் அது என்று திரையில் இருந்து கேள்வி வந்தது. சுனிதா திரையைப் பார்த்துத் திரும்பி, அந்த முதியவர் எதிரில் இருப்பதுபோல ஆங்கிலத்திலேயே பேசினாள். மெதுவாகத்தான் எடுப்பேன், வலித்தால் என் கையை அழுத்துங்கள், உடனே நிறுத்திவிடுவேன். பிறகு, இந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை கேளுங்கள், நன்றாகச் சொல்வாள் என்றாள்.

அந்த அம்மா பெயர் கேட்டாள். பட்டியலைத் தேடினாள். அதில் இல்லையே என்றாள். எட்சன் சார் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். சுனிதா மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சுனிதா. ஆறாவது நம்பர். மாத்தி எழுதிராதீங்க சார்."