கருவாட்டுக்காரர் வந்ததாகச் சொன்ன கதை

1

சாத்தூரில் பஸ்ஸைத் தவறவிட்டதால் எனக்குக் கிடைத்த கதை இது. இதில் என் திறமை என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை. ஏழாயிரம்பண்ணைக்குப் போகவேண்டும். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஒன்று வந்தது. டிரைவர் ராக்கப்பன், "பின்னாடி உக்காருங்க. பொம்பளையாளுக கதை கேட்டுக்கிட்டு வருவாக, குறுக்க பேசிராதீக" என்று எச்சரித்து ஏற்றிக்கொண்டார்.

சொல்லிக்கொண்டிருந்தவள் தங்கத்தாய். சரவெடி பின்னுகிறவள். கருவாட்டுக்காரர் ஒருவரின் மகள் பள்ளிக்கூடத்தில் கைப்பந்து ஆடுகிறாளாம், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லையாம். பக்கத்து ஊர்ச் சங்கதி என்று நினைத்துக் கேட்டேன். சாத்தூர் மார்க்கெட்டில் அந்த ஆள் எந்தக் கடை என்றுகூட யோசித்தேன். அப்போது தங்கத்தாய் சொன்னாள்: "அன்னைக்குப் பாத்து முழங்கால் மட்டுக்கும் பனி கொட்டிக் கெடக்கு. புள்ளைக பந்தை எங்கன போய்த் தேடும்?"

ஏழாயிரம்பண்ணையில் மழை பெய்தாலே போட்டோ எடுப்பார்கள். பக்கத்தில் இருந்த ஞானதீபம் என்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது கொரியா நாடகம் சார். போன்ல வருது. தமிழ்ல பேசுவாக."

அதற்குப் பிறகு பல நாள் அதே வேனில் போனேன். தெரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன். தெரியாததை நானே சேர்த்திருக்கிறேன். எது எது என்று கேட்கக்கூடாது.

2

கொரியாவில் கடலோரம் ஒரு மலைக்கிராமம். மூடப்போகிற பள்ளிக்கூடம். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத பெண்கள் கைப்பந்து அணி. அணியில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற நெட்டைப் பெண்ணின் அப்பா படகில் போய்க் கணவாய் மீன் பிடித்து, காயப்போட்டு விற்கிறவர். தங்கத்தாயின் வாயில் அவர் கருவாட்டுக்காரர் ஆகிவிட்டார். கொரியப் பெயர்களை அவள் சொல்வதில்லை. சொன்னால் மூச்சு வாங்குகிறது என்றாள்.

வேனில் இருக்கிற எல்லோரிடமும் போன் இருக்கிறது. பிறகு எதற்கு வாயால் கதை கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் போனைப் பிடுங்கிக்கொள்கின்றன. கம்பெனியிலோ கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். வெடிமருந்து புழங்குகிற இடத்துக்குள் போன் ஆகாது. தங்கத்தாயின் மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஆகவே வேனில் வருகிற பெண்களில் தடையில்லாமல் நாடகம் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

இப்போது ஒரு சங்கடமான செய்தி. இங்கேயும் ஒரு பள்ளிக்கூடம், ஒரு பெண்கள் கைப்பந்து அணி. அதுவும் ஜெயித்ததில்லை. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன். விளையாட்டை மாற்றிக் கோ-கோ ஆக்கிப் பார்த்தேன். ஆனால் அணியைப் பழக்குகிற ஆஷ்லின் டீச்சர் கைப்பந்துக்காரி. கதையின் வசதிக்காக அவரைக் கோ-கோ ஆடச்சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

3

கைவிட்ட தொடக்கங்கள்:

'கந்தகம் பூசிய வானத்தின் கீழ் அந்தக் கரிசல்—' (வானம் நீலமாகத்தான் இருந்தது.)

'அன்று காலை அந்த வெடிச்சத்தம் கேட்டபோது தங்கத்தாய்—' (கேட்கவில்லை.)

இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. சிவகாசிப் பக்கத்துக் கதை என்றதும், கடைசியில் எது வெடிக்கும் என்று காத்திருக்கிறீர்கள். தெரியும். நானும் அப்படித்தான் படிப்பேன். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. இங்கே இருக்கிறவர்கள் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். அது கதைக்குப் போதாது என்றால் இப்போதே இறங்கிக்கொள்ளலாம், ராக்கப்பன் நிறுத்துவார்.

4

வேனில் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், ஒருவன் எப்போதும் வெளியே பார்த்தபடி வருவான். சட்டையில் அலுமினியப் பொடி மினுங்கும். அவன் மணிமுத்து, தங்கத்தாயின் தம்பி. இருவருக்கும் பேச்சு கிடையாது.

காரணம் பெரிதில்லை. அதாவது, மிகப் பெரியது. தங்கத்தாய் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் என்ற முறையில் அவன் சீர் கொண்டுவந்து முன்னால் நிற்கவேண்டும். அன்றைக்குக் கம்பெனியில் லோடு ஏறவேண்டியிருந்தது, சீசன். அவன் வந்தபோது பந்தல்காரர்கள் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள். சீர்த்தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவள் எடுத்து உள்ளே வைத்தாள். அதோடு பேச்சு நின்றுபோனது.

பேச்சு இல்லையென்றால் பேசமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குச் சாடை இருக்கிறது. சொல்லவேண்டியவனை விட்டுவிட்டு, கோழியிடம் சொல்லலாம், குழாயடியில் குடத்திடம் சொல்லலாம். கேட்கவேண்டியவன் கேட்டுக்கொள்வான். கேட்டதாகக் காட்டிக்கொள்ளக்கூடாது, அது மரியாதை. தங்கத்தாய் தன் தம்பிக்குச் சொல்லவேண்டியதை ஒரு கொரிய நாடகத்திடம் சொன்னாள்.

சொல்லவேண்டியது என்னவென்றால்: மணிமுத்துவின் மகள் மாரிக்கனி அந்தப் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள். பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவள் அவள்தான். அவள் எம்பிக் குதிப்பதை யாரோ வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதற்குக் கீழே மல்லாங்கிணறு ஊரிலிருக்கும் உறவுக்காரர் ஒருவர், 'பிள்ளையை நல்லா வளத்திருக்கீக' என்று எழுதினார். அது பாராட்டா குத்தலா என்று மணிமுத்துவுக்குத் தெரியவில்லை. மகளின் ஷூவைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். "போதும், இனி ஆட வேண்டாம்" என்றான்.

அவனை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஆனால் பூட்டிய பிறகு அவன் சாவியை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டே வேலைக்கு வந்தான் என்று ராக்கப்பன் சொன்னார். அதற்குமேல் அவனை வில்லனாக வைத்திருக்க என்னால் முடியவில்லை.

ஆஷ்லின் டீச்சர் தங்கத்தாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "சனிக்கிழமை விருதுநகர்ல மேட்ச்க்கா. எங்கிட்ட இருக்கதே ஆறு பேரு. மாரிக்கனி வரலைன்னா இறங்கவே முடியாது. அடுத்த வருசம் டீமே வேண்டாம்னு ஹெச்.எம். சொல்லிட்டாக. நீங்க ஒரு வார்த்தை உங்க தம்பிகிட்ட—"

"அவன்கிட்ட எனக்குப் பேச்சு இல்லையே டீச்சர்."

அன்று சாயங்காலம் மாரிக்கனியும் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அத்தை வீட்டு வாசலில் வெறுங்காலோடு உட்கார்ந்து, இல்லாத பந்தை விரல்நுனியில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். தங்கத்தாய் உள்ளே போனாள். போனை எடுத்து அடுத்த பாகத்தைப் போட்டாள்.

5

நாடகத்தில் கருவாட்டுக்காரர் மகளின் ஷூவை அடுப்பில் போட்டு எரிக்கிறார். மறுநாள் வேனில் தங்கத்தாய் சொன்னது:

"ஷூவை எடுத்துப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு."

"கொரியாவுல பீரோ இருக்கா?" என்று ஞானதீபம் கேட்டாள்.

"அது இல்லாம குடும்பம் நடக்குமா? சும்மா கேளு. பூட்டிட்டாரே ஒழிய, மனுசனுக்குச் சோறு எறங்கலை. அம்புட்டுப் பாசம்."

முன்சீட்டில் தலை அசையவில்லை.

இப்படியே நாளுக்கு நாள் கருவாட்டுக்காரர் திருந்தினார். நாடகத்தில் மகளிடம் பேசாமல் இருந்த ஆள், வேனில் அவள் தூங்கும்போது போர்வையை இழுத்துவிட்டார். நாடகத்தில் ஆசிரியரைத் துரத்தியவர், வேனில் ஒரு பொட்டலம் கருவாடு கொடுத்தனுப்பினார். பெண்களுக்கு அவரைப் பிடித்துப்போனது. ஒருத்தி அவருக்கு உடம்பு நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டாள்.

(எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமை. என் பாத்திரங்களுக்காக இதுவரை யாரும் வேண்டிக்கொண்டதில்லை.)

6

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை விட்டுத் திரும்புகிற வேனில், கடைசிப் பாகம். மறுநாள் விருதுநகரில் ஆட்டம்.

நாடகம் எப்படி முடிகிறது என்றால், இறுதியாட்டம் நடக்கும்போது கருவாட்டுக்காரர் படகில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்கிறார். மகளின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு வலையை இழுக்கிறார். அவ்வளவுதான். இசை வருகிறது. நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும், நானும் பார்த்தேன்.

தங்கத்தாய் சொன்னது: "ரேடியோல மக பேரைக் கேட்டாரு. படகைத் திருப்பினாரு. எம்புட்டுத் தூரம்! கரையேறி, ஈர வேட்டியோட—"

"வேட்டியா?"

"ஈரத் துணியோட ஓடுறாரு. மைதானத்துக் கேட்டு ஓரமா போய் நின்னாரு. உள்ள போகக் கூச்சம். மக திரும்பிப் பாத்தா. அப்பான்னு கூப்புடலை. சும்மா பாத்தா. அடுத்த பந்தைத் தூக்கிக் குடுத்தா பாரு... அம்புட்டுத்தான், ஜெயிச்சாச்சு."

ராக்கப்பன் வேனை ஓரமாக நிறுத்திவிட்டார். என்ஜின் சூடு என்றார். ஞானதீபம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணிமுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சோளத்தட்டை தவிர எதுவும் இல்லை.

ஊர் நிறுத்தத்தில் அக்காளும் தம்பியும் மட்டும் இறங்குவார்கள். எப்போதும் அவன் முன்னால் நடப்பான், அவள் பின்னால். அன்றைக்கு அவன் நின்றான்.

"அக்கா. அந்த ஆளு வரலையே."

தங்கத்தாய் தூக்குச்சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஏலே, நீ பாத்தியா?"

"முதல்ல இருந்தே பாக்கேன். மாடியில உக்காந்து. ஷூவை எரிச்சாரு, நீ பூட்டினாருன்னு சொன்ன. போர்வையெல்லாம் அவரு இழுத்து விடவே இல்லை."

"எல்லாம் தெரிஞ்சிக்கிட்டா வேன்ல உக்காந்து கேட்ட?"

"நீ சொல்றதுல அவரு வேற ஆளா இருந்தாரு. அதுக்குத்தான் கேட்டேன்."

"படகுலயே இருந்துட்டாருன்னு நான் எப்பிடித் தம்பி சொல்லுவேன்? எனக்கு வாய் வரலை."

"எனக்கும் அந்த இடத்துல ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றான். பிறகு நடந்து போய்விட்டான்.

நாளைக்கு மாரிக்கனியை அனுப்புவாயா என்று அவள் கேட்கவில்லை. நான் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்து, கேள், கேள் என்று கத்தினேன். இத்தனை நாள் சாடை பேசியே பழகியவள், நேருக்கு நேர் வாய்ப்புக் கிடைத்தபோது கேட்கவேண்டியதைக் கோட்டைவிட்டாள். அக்கா என்று அவன் கூப்பிட்டதில் அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது. வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. தம்பி வீட்டுக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது.

7

சனிக்கிழமை காலை மணிமுத்து வேனுக்கு வரவில்லை. முன்சீட்டு காலியாகப் போனது.

முடிவு அ: அவன் மகளை அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் விருதுநகர் போயிருக்கிறான். அவள் காலில் ஷூ இருக்கிறது. (நான் எழுதிப் பார்த்தேன். தங்கத்தாய் வேனில் சொன்னதை நான் காப்பி அடித்தது போல இருந்தது.)

முடிவு ஆ: மகள் பின்வாசல் வழியாகப் போய்விடுவாள் என்று லீவு போட்டுவிட்டு, வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். (இதையும் எழுதினேன். கொரியாக்காரர்கள் இதைவிட நன்றாக எடுத்துவிட்டார்கள்.)

முடிவு இ: காய்ச்சல். (வெட்கமாக இருக்கிறது, அடித்துவிட்டேன்.)

வேலைக் கூடத்தில் ஒரு அறைக்கு நாலு பேர். சரம் பின்னிக்கொண்டே ஞானதீபம் கேட்டாள். "ஏக்கா, இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாகளா?"

"ஆரம்பிக்கிற நேரந்தான்."

"ஒந்தம்பி கூட்டிட்டுப் போயிருப்பாரா?"

மற்ற இருவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கருவாட்டுக்காரரைக் கடலிலிருந்து திருப்பிக் கொண்டுவந்த வாய். இதற்கு ஒரு வார்த்தை போதும். போயிருக்கான் என்று சொன்னால் மூன்று பேரும் நம்புவார்கள், நிம்மதியாக வேலை ஓடும்.

"தெரியலைத்தா" என்றாள் தங்கத்தாய். "நெசமா எனக்குத் தெரியலை." சரத்தைக் கீழே வைத்தாள். அழுதாள்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவளே சொல்லத் துணியாததை நான் சொன்னால் அவள் முகத்தில் விழிக்க முடியாது. அவளால் போகமுடியாது, சரத்தை விட்டு எழுந்தால் கூலி இல்லை. எனக்கும் போக விருப்பமில்லை, பயமாக இருக்கிறது. மிச்சம் இருப்பது நீங்கள்தான். வேலை வெட்டியை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள், விருதுநகர் ஒன்றும் தூரமில்லை.

மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கும், உட்கார்ந்துகொள்ளுங்கள். எதிரே ஐந்து பெண்கள் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஆஷ்லின் டீச்சர் நடுவரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் வாசலைப் பாருங்கள். சட்டையில் மினுக்கத்தோடு ஒரு ஆள் வரக்கூடும், வராமலும் போகலாம். வந்தால் அவனுக்கு எங்கே உட்காருவதென்று தெரியாது. ஒன்றும் கேட்காதீர்கள். இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.