காய்த்த கை

சம்மட்டி அடிப்பதில் ஒரு வசதி உண்டு. அடிக்கிற நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது. நினைத்தால், டயரில் பட்டுத் துள்ளித் திரும்புகிற இரும்பு, முகத்தைப் பதம் பார்த்துவிடும்.

நான் லாரிகளுக்கு டயர் மாற்றுகிறவன். பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் யாருக்கும் உதவாத பெரிய டயர் ஒன்று படுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் எங்கள் ஸ்லெட். பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. தரையில் தேய்ந்துகொண்டே வருகிற ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் அடுக்கிய எடைகள், முன்னால் ஒரு கயிறு. எட்டு கிலோ சம்மட்டியால் வலப்பக்கம் பத்து அடி, இடப்பக்கம் பத்து அடி. மூச்சு வாங்குவதற்குள் ஓடிப்போய், கயிற்றின் நுனியில் முடிந்திருக்கும் ஈரத் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே ஸ்லெட்டை மதில்வரை இழுக்க வேண்டும். கால் தாங்கும், முதுகு தாங்கும்; முதலில் கைவிடுவது விரல்தான். அந்த விரலுக்காகத்தான் இத்தனை பாடும். மற்றவர்கள் மார்பை வளர்ப்பார்கள், தோளை வளர்ப்பார்கள். நாங்கள் பிடியை வளர்க்கிறவர்கள். என்னை இங்கே எல்லோரும் இடுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள்.

என்னோடு பயிற்சிக்கு வருகிறவர் ஒரு பல் டாக்டர். பிடுங்குகிற தொழிலுக்குப் பிடி வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர். பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து உள்ளங்கைக் காய்ப்பை உப்புத்தாளால் தேய்ப்பார். பெண் பார்க்க வருகிறார்களா என்று கேலி செய்வேன். காய்ப்பு ஏற ஏறத் தோல் செத்துவிடும் என்பார். அடியின் அதிர்ச்சி நரம்பையும் விட்டு வைக்காது, சுண்டுவிரல் மரத்துப்போனால் உடனே நிறுத்திவிடு என்பார். எனக்குச் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மரத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் அதெல்லாம் பதக்கம் மாதிரி. அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி என் பெண்டாட்டியிடம் காட்டியிருக்கிறேன். எருமை மாட்டின்மேல் மழை பெய்த மாதிரி என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள். கல்யாணமான புதிதில் தன் கையைப் பிடிக்கவே கூச்சப்பட்ட மனுஷன், இப்போது சம்மட்டியை விடமாட்டேன் என்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிக்கிற மேஜையிலேயே சரிந்துவிட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். அன்றைக்கே அறுவை செய்தார்கள். பிறகு தானாக மூச்சு விட்டாள். கண் பாதி திறந்திருந்தது. பேச்சு இல்லை, அசைவு இல்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். காலையில் அவர்கள் பார்க்கும்போது இவள் மயக்கத்தில்தான் இருக்கிறாளாம். சாயங்காலம் தெரிந்த குரல் கேட்டால் பதில் வரலாமாம். "கையப் பிடிச்சுக்கிட்டு அழுத்தச் சொல்லுங்க. லேசா அழுத்தினாலும் போதும், நர்ஸ்கிட்ட சொல்லிடுங்க" என்றார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு எடுப்பார்கள். அழுத்தினால் பயிற்சி வார்டு. அங்கே பேசவும் நடக்கவும் திரும்பக் கற்றுக்கொடுப்பார்கள். அழுத்தாவிட்டால் நீண்ட நாள் நோயாளிகளை வைத்துப் பார்க்கிற இடம். குழாயில் சாப்பாடு கொடுத்து, நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைப்பார்கள், அவ்வளவுதான். அங்கே போனவர்கள் பயிற்சி வார்டுக்குத் திரும்பி வந்து தான் பார்த்ததில்லை என்று நர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள்.

பார்வை நேரம் நாலிலிருந்து ஆறு. தினமும் நாலு மணிக்குப் போய் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவள் கை என் கைக்குள் முழுசாக மறைந்துவிடும். அழுத்து என்பேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அழுத்தும்மா என்பேன். முகத்தில் ஒன்றும் இருக்காது, கையிலும் ஒன்றும் தெரியாது. நர்ஸ் வந்து அழுத்தினார்களா என்று கேட்பாள். "இல்ல, ஒண்ணுமே இல்ல" என்று தலையணைக்குப் பக்கத்திலிருந்தே சொல்வேன். அவள் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவாள். தபாலாபீஸ்காரர்கள் வந்து கால்மாட்டில் நின்று அழுதுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. காண்டீனில் போய்ச் சாப்பிட்டேன். பசியைப் பார்த்து எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

காலையில் டயரை அடித்தேன். ஆறு சுற்றாக இருந்ததைப் பத்தாக்கினேன். இந்த நேரத்தில் இது தேவையா என்று பல் டாக்டர் கேட்டார். நான் துண்டை நனைத்தேன். பட்டறைக்குள் வாடிக்கையாளர்கள் அவளைப் பற்றி விசாரித்தால் அப்படியேதான் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

இப்படி ஒன்பது நாள் போயிற்று. பத்தாவது நாள், வியாழக்கிழமை, மச்சினி வந்தாள். கப்பலில் சமையல் வேலை அவளுக்கு. கரை தொடுகிறவரை இறங்க முடியவில்லை. பெட்டியோடு நேரே வார்டுக்கு வந்துவிட்டாள். எனக்கும் அவளுக்கும் என்றைக்குமே ஏழாம் பொருத்தம். கல்லுளிமங்கன் என்று எனக்குப் பேர் வைத்தவள் அவள்தான். என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் கையை எடுத்துக்கொண்டு, நான் வந்துவிட்டேன் என்றாள்.

பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"மாமா, அக்கா அழுத்துறா."

நரம்பு தானாகத் துடிக்கும், அதையெல்லாம் நம்பி ஏமாறாதே என்றேன். எரிச்சலாக இருந்தது. ஒன்பது நாளாக உட்கார்ந்திருப்பவன் நான், நேற்றுவரை கடலில் இருந்தவள் வந்து எனக்குச் சொல்கிறாள். அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை அழுத்து என்று அக்காவிடம் சொன்னாள். நான் உன் அண்ணனா என்று கேட்டாள். இரண்டு. நிற்கிறாரே, இந்தக் கல்லுளிமங்கன் உன் வீட்டுக்காரரா என்று கேட்டாள். ஒன்று.

என் பெண்டாட்டியின் கையை வெடுக்கென்று நான் வாங்கிக்கொண்டேன். அழுத்து என்றேன். ஒன்றும் தெரியவில்லை. பார்த்தாயா என்றேன்.

"முகத்தப் பாக்காதீங்க மாமா. கையப் பாருங்க."

என் விரல்களை விரித்து, கையைத் தட்டு மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தேன். என் உள்ளங்கையில் அவளுடைய மூன்று விரல்கள் மெல்ல மடங்கின, அழுத்தின, விட்டன. நகம் வெளுத்துப் பிறகு சிவந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ யார் கையையோ பிடித்திருப்பதைப் பார்ப்பதுபோல இருந்தது.

மச்சினி என் இன்னொரு கையை இழுத்து, காய்ப்பின்மேல் நகத்தால் கிள்ளினாள். வலிக்கிறதா என்றாள். இல்லை என்றேன். விரலடியில் கிள்ளினாள். அங்கேயும் இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, கையை விட்டுவிட்டாள்.

நர்ஸைக் கூப்பிட்டோம். அவள் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடினாள். டாக்டர் வந்தார், நாலு கேள்வி கேட்டார், நாலுக்கும் சரியான பதில் வந்தது. நாளைக்குப் பயிற்சி வார்டு என்று எழுதிவிட்டார். எல்லாம் அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. மச்சினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது, அதுவும் லேசாகத்தான். காலையில் என்னைத் தேடாதீர்கள் என்று பல் டாக்டருக்குச் சேதி அனுப்பினேன்.

எல்லோரும் போன பிறகு மச்சினியை அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானே கேட்டேன்.

"தினமும் அழுத்தினியா?"

"ஒண்ணு" என்றாள் மச்சினி.

"நர்ஸ்கிட்ட நான் இல்ல இல்லன்னு சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

மச்சினி சொல்வதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். ஒன்று.

ஒன்பது நாள். நான் கேட்கக் கேட்க அழுத்தியிருக்கிறாள். நான் அவள் காதுக்குப் பக்கத்திலேயே ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கத்த அவளுக்கு வாய் இல்லை.

என்னிடம் கொடு என்று மச்சினியிடம் கை நீட்டினேன். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். "எனக்குத்தான் தெரியாமப் போச்சு. என் கை செத்துப்போச்சு. இப்ப பாத்துக்கிட்டே இருக்கேன், அழுத்து" என்றேன். விரல்கள் மடங்கவில்லை. இன்னொரு தடவை கேட்டேன். அப்படியே கிடந்தன. களைத்துத் தூங்கிவிட்டாளோ என்றேன். மச்சினி தன் கையை உள்ளே நுழைத்தாள். விரல்கள் உடனே மடங்கின. அவள் கையை எடுத்ததும் பழையபடி கிடந்தன.

"என்மேல கோவமான்னு நீயே கேளு" என்றேன்.

அவள் கேட்டாள்.

"ஒண்ணு மாமா" என்றாள். "நல்லா பலமா."

ஆறு மணி ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். என் பெண்டாட்டியின் கையைத் திரும்ப எடுத்து என் உள்ளங்கையில் வைத்தேன். அழுத்து என்று கேட்கவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.