சந்துக்கு மேல் எழுந்த கட்டடம்

பஸ் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில், நகரத்தின் மையத்தில், இரண்டு பழைய வணிகக் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு இடையே ஒரு சந்து. பெயர்ப்பலகைகூடக் கிடையாது. ஆனால் காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற நர்ஸுகள், ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு ஓடுகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள், எல்லோரும் அதற்குள் புகுந்துதான் அந்தப் பக்கம் போவார்கள். சுற்றிப் போனால் நாக்குத் தள்ளிவிடும். சந்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள்: சாவி வெட்டுகிறவர், ஜெராக்ஸ்காரர், செருப்புக் கடை. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றும் இருந்தது. அதை நடத்தியவள் அக்கா.

அந்த இரண்டு கட்டடங்களையும் இடித்துவிட்டு, கீழே கடைகள், அதற்கு மேலே அலுவலகங்கள், அதற்கும் மேலே வீடுகள், உச்சியில் ஓட்டல் என்று ஒரே கோபுரமாக எழுப்பத் திட்டம் போட்டது ஒரு கம்பெனி. அதற்குத் திட்ட மேலாளராக வந்தவள் அந்த அக்காவின் தங்கை.

"வெளியாளு வந்து கடையை இடிச்சா போலீஸுக்குப் போகலாம். சொந்தக் கொழுந்தியாளே வந்து இடிச்சா யார்கிட்ட போறது?" என்று சாப்பாட்டு மேஜையில் அத்தான் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கடை போனா போகட்டும்டி. புதுக் கட்டடத்துல எங்களுக்கு இடம் தர்றீங்கன்னு சொல்றீங்க, சரி. சந்து இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"யோசிச்சுச் சொல்லு. கடைக்காரங்க எல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான் சம்மதிக்கப் போறாங்க."

"இருக்கும்னு சொல்றேன்ல?"

தங்கை பொய் சொல்லவில்லை. அவள் கடைசியாகப் பார்த்த வரைபடத்தில் சந்து இருந்தது. கட்டடக்கலைஞர் வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குப் போய்வந்த பிறகு வரைந்த புதுப் படத்தில்தான் அது காணாமல் போனது. சந்து இருந்த இடத்தில் பளிங்குத் தரை, தொங்கும் விளக்குகள், ஒரு செயற்கை அருவி. கடைக்காரர்கள் எல்லோரும் சம்மதம் கொடுத்து, பக்கத்து மைதானத்தில் போட்டிருந்த தற்காலிகக் கடைகளுக்கு மூட்டை முடிச்சோடு குடிபெயர்ந்த வாரத்தில் அந்தப் படம் மேஜைக்கு வந்தது.

தங்கை நேராகச் சேர்மன் அறைக்குப் போனாள். சேர்மன் நல்ல மனிதர்தான். ஆனால் காரின் பின் சீட்டிலிருந்து மட்டுமே ஊரைப் பார்த்தவர்.

"சந்தா? அதுல குப்பைத்தொட்டிதானேம்மா இருக்கு?" என்றார்.

"ஜனம் நடக்குற வழி சார். அதை மூடினா இந்த ஏரியாவே ஸ்தம்பிச்சுடும்."

"நடக்கட்டுமே, சுத்தி நடக்கட்டும். உடம்புக்கு நல்லது."

குறைந்தபட்சம் இடிப்பு வேலை நடக்கிற வரைக்குமாவது இரும்புக் கூரை போட்ட நடைபாதையாக அதை விட்டுவைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். எப்படியும் போகப் போகிற சந்துக்குக் கூரை எதற்கு என்று அதையும் தட்டிக்கழித்துவிட்டார். திங்கட்கிழமை காலை தகரம் அடித்து இரண்டு முனையையும் மூடச் சொன்னார்.

செய்தி தகரம் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிட்டது. அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தங்கைக்குத் தேவலையாக இருந்திருக்கும். கண்ணாடி துடைக்கிற துணியை மடித்து வைத்துவிட்டு, "நீ போ. எனக்கு வேலை இருக்கு" என்றாள். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை நின்றுபோனது. இடையில் தபால்காரர் வேலை அத்தானுக்கு.

"உங்க அக்கா உன்கிட்ட பேசலையாம். அதை உன்கிட்டச் சொல்லச் சொன்னா" என்று போனில் சொல்வார்.

"நானும் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுங்க அத்தான்."

"சொல்றேன். சாப்டியான்னும் கேக்கச் சொன்னா. ஆனா அவ கேட்டதா சொல்லக் கூடாதாம்."

திங்கட்கிழமை வந்தது. சேர்மன் சொன்னபடியே தங்கை செய்தாள். ஒரு தகரம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பஸ்கள் வந்து கூட்டத்தைக் கொட்ட ஆரம்பித்தன. வழக்கம்போல் சந்தை நோக்கி நடந்தவர்கள் தகரத்தில் முட்டி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் முட்டினார்கள். கூட்டம் பிதுங்கி நடைபாதைக்கு வந்தது. அங்கிருந்து சாலைக்கு வழிந்தது. சாலைக்கு வந்ததும் பஸ் நின்றது, பஸ்ஸுக்குப் பின்னால் கார்கள் நின்றன, சிக்னல் பச்சை, சிவப்பு என்று தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருக்க ஒரு சக்கரமும் உருளவில்லை. சந்துக்குள் இத்தனை பேர் தினமும் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது.

தங்கையின் போன் அடித்தது. சேர்மன்.

"என்னம்மா நடக்குது அங்க? கார் ஒரு அடி நகர மாட்டேங்குது! யாரு வழியை அடைச்சது?"

"நீங்கதான் சார்."

ஹார்ன் சத்தத்துக்கு நடுவே சேர்மனின் குரல் இறங்கி வந்தது.

"சரி, திற."

இந்த வேலைக்காக எத்தனை வருடம் வெயிலில் காய்ந்திருக்கிறாள் என்பது தங்கைக்குத்தான் தெரியும். இருந்தாலும் வாயில் வந்ததை விழுங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"இன்னும் இடிக்க ஆரம்பிக்கல சார். தகரத்தைக் கழட்டினாப் போதும், இப்பவே திறந்துடலாம். ஆனா ஒண்ணு. நான் திறந்தா மறுபடி மூட மாட்டேன். இன்னைக்கும் சரி, கட்டடம் எழுந்த பிறகும் சரி. மூடணும்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

"என்னை மிரட்டுறியா?"

"இல்லை சார். வெளியே எட்டிப் பாருங்க."

சேர்மன் கார் கதவைத் திறந்து இறங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் போன் கட்டாகிவிட்டது. வேலை போய்விட்டது என்றுதான் தங்கை நினைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கோட்டைக் கழற்றித் தோளில் போட்டபடி, வியர்த்து வழிய, சேர்மன் நடந்தே வந்து சேர்ந்தார். தகரத்தின் முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி டோக்கன் கைநழுவிப் போய்விடுமோ என்ற பதற்றம் அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சேர்மன் அவளைப் பார்த்தார். அப்புறம் தகரத்தைப் பார்த்தார்.

"கழட்டுங்கப்பா" என்றார். தங்கையிடம் திரும்பி, "நீ ஜெயிச்சுட்ட. ஆனா கட்டடம் நிக்கணும். அது உன் பொறுப்பு" என்றார்.

கட்டடம் நிற்பதுதான் அடுத்த பூதம். கட்டமைப்புப் பொறியாளரை எல்லோரும் 'தூண் சார்' என்று கூப்பிடுவார்கள். அவர் கணக்கில் ஒரு தூணை நகர்த்தச் சொல்வது அவர் பல்லைப் பிடுங்கச் சொல்வதற்குச் சமம். புதுப் படத்தில் சந்தின் நட்டநடுவில் மூன்று பெரிய தூண்கள் இருந்தன.

"எடுத்துடலாம்மா. எடுத்துட்டா மேல இருக்குற அத்தனை மாடியும் எங்க உக்காரும்? உங்க மடியிலயா?" என்றார்.

"அதுக்குத்தானே சார் நீங்க இருக்கீங்க."

முதலில் சந்தைத் தாண்டி ராட்சத உத்தரம் போடலாம் என்று பார்த்தார்கள். அது கடைகளுக்கான ஒரு தளத்தையே விழுங்கியது. தூண்களை ஒரு ஓரமாகத் தள்ளிப் பார்த்தார்கள். கட்டடம் ஒருக்களித்துப் படுத்தது, நல்லவேளையாகக் கணினித் திரையில் மட்டும். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், டீ குடித்தார்கள், மறுபடி சண்டை போட்டார்கள். ஒருநாள் தூண் சார் ஒரு தாளை நீட்டினார். மேலிருந்து வருகிற ஒவ்வொரு தூணும் சந்துக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து இறங்கி, சுவரோரம் தரையில் ஊன்றியிருந்தது. கட்டடம் காலை அகட்டிக்கொண்டு நிற்க, நடுவில் சந்து காற்றோட்டமாகக் கிடந்தது. பழைய சந்தைவிட அகலம் கூட.

"இது நிக்குமா சார்?"

"நிக்குமாவா? நிக்கும்மா! கேவலம் ஒரு சந்து, அதுக்குப் போய் என்னை இவ்வளவு அழகா யோசிக்க வச்சுட்டீங்களே!" என்று கோபித்துக்கொண்டார். அவருடைய காதுமடல் வரை சந்தோஷம் ஏறியிருந்தது.

விற்பனைப் பிரிவு மட்டும் அருவி போனதற்காகச் சில நாள் துக்கம் கொண்டாடியது. அக்காவோ, சந்து நிஜமாகவே நிற்பதைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் பேச மாட்டேன் என்று அத்தான் மூலம் சொல்லியனுப்பினாள்.

தங்கை முன்பு கேட்ட இரும்புக் கூரை சந்துக்கு மேல் ஏறியது. பழைய கட்டடங்கள் அதற்கு இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தன. அஸ்திவாரம் இறங்கியது. சாய்ந்த கால்களுக்குக் கம்பி கட்டி, இரும்பு முட்டுகள் காடு மாதிரி நிறுத்தி, கான்கிரீட் ஊற்றினார்கள். அதற்கு மேலே முதல் சில தளங்கள் ஏறின. அத்தனை நாளும் அந்த முட்டுக் காட்டுக்குள் ஒரு கூண்டு வழி விட்டு, ஜனத்தை நடக்க வைத்தாள் தங்கை. வேலை தாமதமாகிறது என்று மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம், "நடக்குறவங்களுக்கும் அவசரம்தான் மேஸ்திரி, அவங்க நின்னு வேடிக்கை பாக்குறதில்லை" என்பாள்.

முட்டுகளை எடுக்கிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று மட்டும், அதுவும் பாதி நாளுக்கு, அறிவிப்புக் கொடுத்து வழியை நிறுத்திவைத்தார்கள். முட்டை எடுத்தால் மேலே இருக்கிற பாரம் முழுவதும் முதல் முறையாக அந்தக் கால்களில் இறங்கும். கணக்கு சரியென்று எத்தனையோ பேர் சரிபார்த்தாயிற்று. ஆனாலும் கணக்கு வேறு, கான்கிரீட் வேறு. கால்களில் அளவுக் கருவிகள் ஒட்டியிருந்தன. தூண் சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சந்தின் நட்டநடுவில் போய் நின்றார். தங்கையும் போய்ப் பக்கத்தில் நின்றாள்.

வேலையாட்கள் முதல் வரிசை முட்டின் திருகைத் தளர்த்தியபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்தபடி அக்கா வந்துகொண்டிருந்தாள். வாசலில் காவலாளியும், அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு அத்தானும்.

"அக்கா, இங்க வரக் கூடாது! வெளியே போ!"

"ஏன், நீ நிக்கிற இல்ல?"

"நான் கட்டினவ. நிக்கணும்."

"உன்னை நம்பி அத்தனை பேரையும் சம்மதிக்க வச்சவ நான். நானும்தான் நிக்கணும்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மேலாளராக அவள் அக்காவை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவும் செய்தாள், கையைப் பிடித்து, ஆபத்து எல்லையாகத் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரை அவளே கொண்டுபோய் விட்டாள். ஆனால் தானும் கோட்டிலேயே நின்றுவிட்டாள். அக்கா பிடித்த கையை விடவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

திருகுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எங்கோ மேலே 'டொக்' என்று ஒரு சத்தம். கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் எண்களைச் சத்தமாக வாசித்தாள். தூண் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி முட்டு விலகியது. மறுபடி எண்களை வாசித்தாள். தூண் சார் கண்ணைத் திறந்தார்.

"உக்காந்துடுச்சு" என்றார். "ராஜா மாதிரி உக்காந்துடுச்சு!"

மேஸ்திரி ஹெல்மெட்டை ஆகாசத்தில் வீசினார். கம்பி கட்டுகிறவர்கள் விசில் அடித்தார்கள். அந்தச் சத்தம் சந்துக்குள் புகுந்து அந்த முனைக்குப் போய் எதிரொலித்துத் திரும்பி வந்தது. அக்கா தங்கையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். இரண்டு ஹெல்மெட்டும் நங்கென்று மோதின.

"மெலிஞ்சு போயிட்டடி" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு கோபுரம் வளர்ந்த வேகத்தில் அதன் மேல் கண் வைக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. வாரத்துக்கு ஒரு தளமாக ஏறியது. ஆஸ்பத்திரி ஜன்னல்களிலிருந்து நோயாளிகள் எண்ணினார்கள். கண்ணாடி போர்த்தினார்கள். லிஃப்டுகள் ஓடின. உச்சியில் விளக்கு எரிந்தது. சந்தின் இரண்டு பக்கமும் புதுக் கடைகள் தயாராகி, சாவிக்காரரும் ஜெராக்ஸ்காரரும் செருப்புக்காரரும் திரும்பி வந்தார்கள். அக்காவின் கடைக்கு இப்போது முகம் பார்க்க ஆளுயரக் கண்ணாடி.

திறப்பு விழா அன்று காலை சந்தின் முனையில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. சேர்மன் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்த வழி முதல் நாளிலிருந்தே தன் கனவு என்றார். தங்கை தூண் சாரைப் பார்த்தாள். தூண் சார் கட்டடத்தின் காலைப் பார்த்தார். அத்தான் மட்டும் அடக்க முடியாமல் இருமினார்.

பேச்சு முடியவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது. இறங்கிய நர்ஸுகளில் முதலாவதாக வந்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், ரிப்பனைப் பார்த்தாள், குனிந்து அதன் அடியில் புகுந்து ஓடியே விட்டாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் ஒரு வக்கீல், கறுப்பு அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. ரிப்பன் யார் தோளிலோ மாட்டிக்கொண்டு அவரோடேயே உள்ளே போய்விட்டது. கத்திரிக்கோலும் கையுமாக நின்ற சேர்மன் ஒரு கணம் திகைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டம் கைதட்டிக்கொண்டே நடந்தது.

தங்கை சந்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே சாய்ந்த கால்கள் சேருமிடம். அதற்கு மேலே கடைகள், மேஜைகள், அடுப்பங்கரைகள், படுக்கைகள், இன்னும் வராத எத்தனையோ பேருடைய வாழ்க்கை. அத்தனையும் கனம் காட்டாமல் நின்றன. இருபுறமும் ஜனம் அவளை உரசிக்கொண்டு போயிற்று.

முதுகுக்குப் பின்னால் யாரோ அவசரமாகச் சொன்னார்கள்: "என்னம்மா நடுவழியில நின்னுக்கிட்டு? கொஞ்சம் வழி விடுங்க!"

"போங்க, போங்க" என்று வாயெல்லாம் பல்லாக ஒதுங்கி வழி விட்டாள்.