இடது முன்சக்கரம்

ரயில் கடவைக்குச் சற்று முன்பே ஹேமபால கியரைக் குறைத்தார். பக்கத்து இருக்கையை முடிந்தவரை பின்னால் சாய்த்து, இரண்டு தலையணைகளுக்கு நடுவே மனைவி யசவதியைப் படுக்க வைத்திருந்தார். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். போன மாதம் இதே இடத்தில்தான் அவள் கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். நோய் முதுகெலும்பில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு குலுக்கலும் அங்கே போய் இடித்தது.

முன்சக்கரங்கள் தண்டவாளத்தில் ஏறி இறங்கின. பிறகு பின்சக்கரங்கள்.

கொஞ்ச தூரம் போன பிறகு யசவதி கேட்டாள்.

“கடவை இன்னும் வரலியா?”

“தாண்டியாச்சு.”

“பொய் சொல்லாதீங்க.”

அவர் உள்கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினார். சிவப்பும் வெள்ளையுமான கம்பம் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

“பாஸ் பண்ணிட்டீங்க மாஸ்டர்.”

முப்பத்தொரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் ஹேமபால. ஆனால் இந்தப் பாடத்தில் அவளிடம் ஒருநாளும் தேறியதில்லை. அவள் பஸ் டிப்போ மெக்கானிக்கின் மகள். கார் அவளுடையது. அதன் அடியில் படுத்து வேலை செய்வதும் அவள்தான். அவர் டார்ச் பிடிப்பார். வெளிச்சம் தப்பான இடத்தில் விழுகிறது என்று திட்டு வாங்குவார்.

அவள் அழுத அன்றே காரை டவுனில் ஒரு கராஜில் விட்டுப் பார்த்தார். ஷாக் அப்சார்பரை மாற்றிக் கொடுத்தார்கள். குலுக்கலும் சத்தமும் அப்படியே இருந்தன. மறுபடி போனபோது ரெண்டு வாரம் வண்டி நிற்கட்டும் என்றார்கள்.

“ரெண்டு வாரம் என்கிட்ட இருக்கான்னு அவங்களைக் கேட்டீங்களா?” என்றாள் யசவதி. “ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்துல போடுங்க.”

நாற்காலியில் சால்வை போர்த்தி உட்கார்ந்துகொண்டாள். “காரோட இடது முன்மூலையை அழுத்தி விடுங்க.”

அழுத்தி விட்டார். வண்டி ஒரு தடவை எழும்பி நின்றது.

“ரெண்டு மூணு தடவை ஆடினாத்தான் ஷாக் போச்சுன்னு அர்த்தம். பாவம், அது மேல குத்தமே இல்ல. ஜாக்கைப் போட்டுத் தூக்குங்க. தூக்கிட்டு அடியில கட்டை வைங்க. ஜாக்கை நம்பி உள்ள போயிடாதீங்க. ஒரு வீட்டுக்கு ஒரு சாவு போதும்.”

அவர் ஜாக்கைப் போட்டுத் தூக்கினார். ஒன்றுக்கு இரண்டாகக் கட்டைகளை வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது ‘டக்’ என்றது. கடப்பாரையை விட்டு நெம்பிக்கொண்டே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னாள். சக்கரத்தைத் தாங்கும் கீழ் இரும்புக்கையின் நுனியில், மூட்டுக் குண்டு தன் குழிக்குள்ளேயே, விழப்போகும் பல்லைப்போல ஆடியது.

“ஆடுது யசா.”

“அதுதான் என் முதுகைக் குத்துது. முழுக் கையையும் மாத்தணும்.”

கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடையிலிருந்து சாமான் வர எட்டு நாள் ஆனது. அதற்குள் அவளை ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. வீட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் இப்போதே போகலாம் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். இருவருக்குமே புரிந்தது.

“என் வண்டியில வரேன். அது சரியாகலேன்னா இங்கயே இருந்துக்கறேன்,” என்றாள்.

மறுநாள் ஹேமபால தனியாகக் காரின் அடியில் படுத்தார். நெஞ்சின் மேல் கைபேசி. மறுமுனையில் வார்டுக் கட்டிலில் அவள். துருவேறிய ஒரு போல்ட்டைக் கழற்றவே காலைப்பொழுது போனது. அவள் இடையிடையே தூங்கிப்போனாள். அவர் இணைப்பைத் துண்டிக்காமல் அவள் மூச்சைக் கேட்டபடி வேலை செய்தார்.

“ரப்பர் இருக்கிற பக்கத்து போல்ட்டை இறுக்கிட்டீங்களா?” திடீரென்று குரல் வந்தது.

“இறுக்கப் போறேன்.”

“வேணாம். சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டு கிழிஞ்சிடும். தரையில இறக்குங்க. வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நிக்கட்டும். அப்புறம் இறுக்குங்க.”

அப்படியே செய்தார்.

இப்போது வளைவுகள் முடிந்து, வீட்டுக்கு ஏறும் மண்பாதை வந்தது. குழிகளில் வண்டி மெல்ல அமிழ்ந்து எழுந்தது. யசவதி வெளியே மிளகுக்கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு என்னவோ சொல்ல நினைத்தார் ஹேமபால. சேர்ந்து வாழ்ந்த இருபத்தாறு வருஷத்துக்கும் சேர்த்து அது ஒரே வார்த்தையாகத்தான் வந்தது, அதையும் விழுங்கிவிட்டு, “தெம்பிலி வெட்டித் தரவா?” என்றார்.

“ம். ரெண்டு கரண்டி போதும்.”

வீட்டில் இரண்டு கரண்டி தெம்பிலி இளநீர் குடித்தாள். ஜன்னலோரக் கட்டிலில் படுத்தவள், அவர் மணிக்கட்டை இருமுறை தட்டினாள். “நல்லா ஓட்டினீங்க. வலிக்கவே இல்ல.” அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் பாதை நெடுக, சாவு வீட்டுக்கு அடையாளமாக வெள்ளைக் கொடிகள் தொங்கின. மாத்தறையிலிருந்து வந்திருந்த மகள் சமிலா, பிக்குகள் வருமுன், “கை கழுவிட்டு வாங்கப்பா, கறுப்பா இருக்கு,” என்றாள்.

“மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சேன்மா. போகல.”

பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். தந்தையும் மகளும் பாயில் உட்கார்ந்து, கூஜாவைச் சேர்த்துப் பிடித்து, போனவளுக்குப் புண்ணியம் சேரட்டுமென்று சிறு கிண்ணத்தில் நீர் வார்த்தார்கள். அவர் நகங்களின் ஓரத்தில் கிரீஸ் கோடாக நின்றது. சமிலா தன் விரல்களை அந்த விரல்களின் மேல் வைத்துக்கொண்டாள். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது. இருவரும் வார்த்துக்கொண்டேயிருந்தார்கள்.