அப்பா பெயர் முதலில்

வெளித்தேர்வாளர் அனந்தபத்மநாபன் ஆய்வேட்டை முன்னாலிருந்து படிக்கிற ஆளில்லை. பின்னட்டையிலிருந்து ஆரம்பிப்பார். முதலில் பிற்சேர்க்கை, அப்புறம் மூலப்பட்டியல், நேரம் மிச்சமிருந்தால் மற்றதெல்லாம். யார் பார்க்கப் போகிறார்கள் என்று பிள்ளைகள் அரைத் தூக்கத்தில் முடிக்கிற இடம் அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் என்பது முப்பது வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரியும். இளவேனிலுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தங்கவயல் மாரிகுப்பத்திலிருந்து வந்த காலை ரயிலில் முன்னுரையை மூன்று தடவை மனப்பாடம் செய்திருக்க மாட்டாள்.

1999 மே மாதம். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கத்தில் ஒரு கல்லூரி, சமூகப்பணி முதுகலை கடைசி வருஷம். ஹெப்பகோடியில் ஒரு வார்ப்பட ஆலையில் தொழிலாளர் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்பது அவளுடைய ஆய்வு. இந்த வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, முடிந்து பாஸ் என்று எழுதிவிட்டால் ஜூன் ஒன்றாம் தேதி ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரலாம். உத்தரவுக் கடிதம்கூட வந்துவிட்டது. தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அவள் அப்பா பால்ராஜ் அதைக் காட்டாத வீடு பாக்கியில்லை.

அறையில் மூன்று பேர்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் அனந்தபத்மநாபனும், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வரும் வழிகாட்டி மௌரீன் மிஸ்ஸும். இந்தப் பக்கம் இளவேனில்.

"பக்கம் தொண்ணூத்தி நாலு எடுங்க," என்றார் அனந்தபத்மநாபன். "நேர்காணல் பதினொண்ணு. சாமிநாதன், உலைப் பிரிவு, ஹெப்பகோடி, பிப்ரவரி பதினாலு, 1999. இவரை நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எங்க?"

"அவர் வீட்ல. ரெண்டு மணி நேரம் பேசினார்."

"சரி. இப்ப நூத்தி ஒண்ணு எடுங்க."

நூற்றியொன்றாம் பக்கம் பிற்சேர்க்கை. தொழிலாளர் நல அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய பழைய தாளின் ஜெராக்ஸ். 1986இல் அந்த ஆலையில் நடந்த தீவிபத்தில் இறந்த ஆறு பேரின் பட்டியல். மூன்றாவது வரியில் இருந்தது: சாமிநாதன், உலைப் பிரிவு, வயது 41.

"செத்துப் பதிமூணு வருஷம் ஆன மனுஷன் ரெண்டு மணி நேரம் உங்ககிட்ட என்னம்மா பேசினார்?"

அதுவரை ஆங்கிலமும் தமிழுமாகப் போன பேச்சு இந்த இடத்தில் முழுத் தமிழுக்கு வந்துவிட்டது. இரண்டு பக்கமும் இளவேனில் தன் கையால் சேர்த்தவை. இரண்டிலும் ஒரே பெயர் இருப்பது இன்றைக்குத்தான் அவள் கண்ணில் படுகிறது.

அவள் பேசியது சாமிநாதனோடு இல்லை. அவருடைய மகன் ஆதிகேசவனோடு. அப்பா செத்ததற்காக மகனுக்குக் கம்பெனி கொடுத்த வேலையில் ஒன்பது வருஷமாக அதே உலையில் நிற்கிறவன். தீப்பிடித்த அன்றைக்கு அவனுக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடம் போகும் வழியில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் வேலிக்கு வெளியே நின்றிருந்தான். "கதவுல வெளிப்பக்கம் பூட்டு தொங்குச்சு தங்கச்சி. நானே பாத்தேன். எங்கம்மாகிட்ட கைநாட்டு வாங்கின பேப்பர்ல தொறந்திருந்துச்சுன்னு எழுதியிருக்கு. அந்தக் கைநாட்டுக்குத்தான் எனக்கு இந்த வேல," என்று சொல்லிவிட்டு, டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் சொன்னான்: "எம் பேரு மட்டும் வரக்கூடாது. வந்துச்சுன்னா மறுநாளே கேட்டுக்கு வெளிய நிப்பேன். ரெண்டு புள்ளைங்க."

வராது அண்ணா என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தாள். வந்தால் மௌரீன் மிஸ் கொடுத்த இரண்டு பக்கத் தாள் காத்துக்கொண்டிருந்தது. மூலங்களை எப்படி எழுதுவது என்று சட்டம் போட்ட தாள் அது. புத்தகமானாலும் ஆளானாலும் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், முதலில், காற்புள்ளி, அப்புறம் பெயர். பெயரில்லாத மூலம் செல்லாது. இதை எழுதின வெள்ளைக்காரனுக்கு, பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்தை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு பிழைக்கிற ஜனங்கள் உலகத்தில் இருப்பது எப்படித் தெரியும்?

ஆஸ்டின் டவுனில் டிடிபி சென்டர் வைத்து அவள் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொடுத்த ருக்குதான் வழி சொன்னாள். "இதுக்குப் போய் யோசிக்கிறியா? அப்பா பேரை சர்நேம்னு போடு. ரேஷன் கார்டுலேர்ந்து பாஸ்போர்ட் வரைக்கும் பெங்களூர்ல நாங்க அதான் போடறோம், யாரும் கேட்டதில்ல."

இளவேனிலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமிநாதன் என்று போட்டு, ஆதிகேசவன் என்பதை விட்டுவிட்டால் தாளின் சட்டத்துக்கும் பங்கமில்லை, கொடுத்த வாக்குக்கும் பங்கமில்லை. தான் எவ்வளவு கெட்டிக்காரி என்று ஒரு வாரம் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள். அந்த வாரத்தில்தான் செத்தவர்களின் பட்டியலையும் ஒட்டினாள். சாமிநாதன் என்பது அவளுக்கு அப்போது ஒரு சர்நேமாக மட்டும்தான் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு மனுஷன் எரிந்து செத்தான் என்பது மனசுக்கு எட்டவேயில்லை. அதை நினைக்க இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஆறாவது அத்தியாயம் முழுக்க இந்த ஒரு நேர்காணல் மேலதான் நிக்குது," என்றார் அனந்தபத்மநாபன். "கதவு பூட்டியிருந்ததுங்கறது சாதாரணக் குற்றச்சாட்டு இல்ல. சொன்னது யாரு? பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா இது கட்டுக்கதைன்னு நான் எழுத வேண்டியிருக்கும்."

"ஆள் இருக்கார் சார். பேரு சொல்ல மாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேன்."

"அப்போ பேரு சொல்ல விரும்பாதவர்னு போட்டிருக்கணும். செத்தவர் பேரை ஏன் போட்டீங்க?"

பதில் சொன்னால் மகன் என்று சொல்ல வேண்டும்.

மௌரீன் மிஸ் பொறுக்க முடியாமல் குறுக்கே வந்தார். "இளா, டேப் இருக்குன்னு சொன்னியே. சார் மட்டும் கேட்டுட்டுக் குடுத்துடுவார். எடு."

டேப் பையில்தான் இருந்தது, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில். இளவேனில் கையை உள்ளே விட்டாள். கேசட் டப்பாவின் மூலை விரலில் தட்டியது. சார் ஒருத்தர் கேட்பதால் என்ன ஆகிவிடும், இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

"இவ கதை கட்டுற பொண்ணு இல்ல சார்," மௌரீன் மிஸ் அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். "பயந்து ஒளிக்கிறவளா இருந்தா ஃபேக்டரிக்குக் காப்பி போக விடுவாளா? பர்மிஷன் லெட்டர்ல ஒரு காப்பி குடுக்கணும்னு கண்டிஷன் இருந்துச்சு. முந்தாநேத்தே பியூன்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன்."

இளவேனிலின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. வைவா முடிந்த பிறகுதான் காப்பி போகும் என்று அவள் நினைத்திருந்தாள். போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. ஆலையின் பெர்சனெல் மேனேஜர் மேஜையில் இருக்கும். சாமிநாதன், உலைப் பிரிவு, ஒன்பது வருஷ சர்வீஸ், இரண்டு குழந்தைகள் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். அப்பா செத்து வேலை வாங்கின பிள்ளைகளின் ஃபைலை அந்த ஆள் எடுத்துப் பார்த்தால் போதும். ஆதிகேசவனை ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டு, அவன் வீட்டு வாசலுக்கே வழி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

இந்த டேப்பைக் கொடுத்தால் அவள் பாஸ். நேர்காணல் உண்மை என்று கல்லூரியே முத்திரை குத்திவிடும். அப்புறம் ஆலைக்காரனுக்கு வேண்டியது யார் சொன்னது என்பது மட்டும்தான்.

அவள் வெறும் கையை வெளியே எடுத்தாள்.

"டேப் இல்ல மிஸ்."

"என்ன உளர்ற? நீதானே சொன்ன..."

"பொய் சொன்னேன் மிஸ்." அனந்தபத்மநாபன் பக்கம் திரும்பினாள். "அப்படி ஒரு ஆளே இல்ல சார். அந்த அத்தியாயத்துக்கு விஷயம் போதல. செத்தவங்க லிஸ்ட்லேர்ந்து ஒரு பேரை எடுத்துக்கிட்டு நானே எழுதிட்டேன்."

"சர்வீஸ், குழந்தைங்க, அதெல்லாம்?"

"அதுவும் நானே எழுதினதுதான்."

"கதவு பூட்டியிருந்ததுன்னு எழுதினது?"

சாப்பாட்டுத் தூக்கோடு வேலிக்கு வெளியே நின்ற பையன் கண்ணுக்குள் வந்தான். பதிமூன்று வருஷத்தில் முதல்தடவையாக ஒருத்தரிடம் சொல்லியிருக்கிறான். அதையும் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"அதுவும் நான் எழுதினதுதான் சார்."

மௌரீன் மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வருஷமாக எல்லோரிடமும் அவளைப் பற்றிப் பெருமையாகச் சொன்னவர். இளவேனிலால் அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

அனந்தபத்மநாபன் அலுத்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "இந்த வருஷம் டிகிரி கிடையாது. மறுபடி சேர்த்துக்கறதா வேண்டாமாங்கறதை கமிட்டி பாக்கும். ஃபேக்டரிக்கு லெட்டர் எழுதி, நேர்காணல் பதினொண்ணு மாணவியோட கற்பனை, இறந்தவர் பேரைத் தவறாப் பயன்படுத்தியிருக்காங்கன்னு சொல்லி, காப்பியைத் திரும்ப வாங்கணும்."

"அந்த லெட்டர் இன்னைக்கே போகுமா சார்?" என்று கேட்டாள் இளவேனில்.

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இவ்வளவு நேரமும் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, மூடாமல் மடியில் கிடந்த பையைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்தவர்போல இருந்தது. கேட்கவில்லை.

"ஃபேக்ஸ்ல அனுப்பச் சொல்றேன்," என்றார். "பன்னெண்டு மணிக்குள்ள போயிடும்."

அப்புறம் ஆய்வேட்டை அவள் பக்கம் திருப்பி, தொண்ணூற்று நாலாம் பக்கத்தைப் பிரித்து, தன் பேனாவையே நீட்டினார். குரல் முன்னைப்போல இல்லை, தணிந்திருந்தது. "பதினொண்ணை அடிச்சிட்டு, யார் எழுதினதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. ஆபீஸ் காப்பியில இருக்கணும்."

இளவேனில் சாமிநாதன் என்ற பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. மௌரீன் மிஸ்ஸின் தாள் சொன்னபடி, முதலில் அப்பா பெயரை எழுதினாள். பால்ராஜ். காற்புள்ளி வைத்தாள். அப்புறம் தன் பெயரை எழுதினாள்.